ஏடிஆர் பைலட்டாகப் போகிறவர்களுக்கு: பிராந்திய விமான வேலையில் சேர்வது முதல் கேப்டன் ஆவது வரை

பைலட் ஆகப்போகிறேன் என்று சொல்லும் பிள்ளையிடம் வீட்டார் கேட்கும் முதல் கேள்வி சம்பளம். நான் முதலில் கேட்கச் சொல்வது வேறு: ஒரு நாளைக்கு எத்தனை செக்டர்? அதாவது, காலையில் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினால் மாலைக்குள் எத்தனை தடவை விமானத்தை ஏற்றி இறக்க வேண்டியிருக்கும்? சிறு நகரங்களை இணைக்கும் பிராந்திய விமானங்களில் உங்கள் உடம்பு, தூக்கம், குடும்பம், அனுபவம், அடுத்த வேலை எல்லாமே அந்த ஒரு எண்ணைச் சுற்றித்தான் அமைகின்றன. நான் ஏடிஆர் ஓட்டுகிறவன். இந்த வேலையை மனதாரப் பரிந்துரைப்பேன். ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு வாருங்கள் என்பதற்காகவே இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதல் படி: எங்கே சேரப்போகிறீர்கள் என்று பாருங்கள்

இந்தியாவில் பிராந்திய விமானம் என்றால் பெரும்பாலும் ஏடிஆர் 72. புரொப்பெல்லரைச் சுழற்றும் இரட்டை டர்போபிராப் எஞ்சின், எழுபது முதல் எழுபத்தெட்டு இருக்கைகள். சென்னையிலிருந்து தூத்துக்குடி, சேலம், யாழ்ப்பாணம் என்று போவது இந்த வகைதான். அரசுக்குச் சொந்தமான அலையன்ஸ் ஏர், இண்டிகோவின் ஏடிஆர் பிரிவு, 2024 மார்ச்சில் கோவாவைத் தளமாகக் கொண்டு பறக்கத் தொடங்கிய ஃப்ளை91 ஆகியவை ஏடிஆர் வைத்திருப்பவை. ஸ்டார் ஏர் எம்ப்ரேயர் ஜெட்டுகளை இயக்குகிறது. இண்டியாஒன் ஏர் ஒற்றை எஞ்சின் செஸ்னா கேரவனை ஓட்டுகிறது.

இந்தப் பட்டியலுக்குப் பின்னால் இன்னொரு பட்டியல் இருக்கிறது. சென்னையைத் தளமாகக் கொண்டு 2005-இல் எம்ப்ரேயர் ஜெட்டுகளோடு தொடங்கிய பாரமவுண்ட் ஏர்வேஸ் 2010-இல் நின்றது. பெங்களூரின் ஏர் பெகாசஸ் 2015-இல் வந்து 2016-இல் போனது. விஜயவாடாவின் ஏர் கோஸ்டா 2013 முதல் 2017 வரை தாக்குப்பிடித்தது. சென்னை–சேலம் தடத்தை 2018-இல் தொடங்கிய ட்ரூஜெட் 2022-இல் இறக்கையை மடக்கியது. அங்கெல்லாம் இருந்த பைலட்டுகள் திறமைக் குறைவால் வேலை இழக்கவில்லை. கம்பெனியே இல்லாமல் போனது.

காரணம் எளிது. எழுபது பேரை ஏற்றிக்கொண்டு ஒரு மணி நேரம் பறக்கும் விமானத்தில், விமான வாடகையும் எரிபொருளும் எஞ்சின் பராமரிப்பும் கொஞ்சம் கூடினாலே லாபம் கரைந்துவிடும். 2017 ஏப்ரல் 27 அன்று சிம்லா–டெல்லி விமானத்தோடு தொடங்கிய உடான் திட்டம் இந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் வந்தது. கட்டணத்துக்கு உச்சவரம்பு வைத்து, நஷ்டத்தை அரசு மானியமாகத் தருகிறது. அந்த மானியம் ஒரு தடத்துக்கு மூன்று ஆண்டுகள்தான். நான்காம் ஆண்டு அந்தத் தடம் சொந்தக் காலில் நிற்க வேண்டும். அதனால் நேர்முகத்துக்குப் போகும்முன் அந்த நிறுவனத்தின் தடங்களில் எத்தனை உடான் தடங்கள், அவற்றுக்கு எவ்வளவு காலம் மிச்சம், கையில் பறக்கும் நிலையில் எத்தனை விமானங்கள், சம்பளம் மாதம் எந்தத் தேதியில் வருகிறது என்று உள்ளே வேலை செய்கிறவர்களிடம் கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு வரும் பதில் மற்ற மூன்றையும் சொல்லிவிடும்.

இரண்டாம் படி: பணம் கட்டும்முன் மெடிக்கல்

பயிற்சிப் பள்ளிக்கு ஒரு ரூபாய் கட்டுவதற்கு முன் கிளாஸ் 2 மருத்துவச் சோதனையை முடியுங்கள். அதோடு நிற்காமல் கிளாஸ் 1-ஐயும் முடித்துவிடுவது நல்லது, ஏனென்றால் கமர்ஷியல் லைசென்ஸுக்கு அதுதான் தேவை. கண்ணாடி போட்டிருப்பது தடையில்லை, கண்ணாடியோடு பார்வை முழுதாகத் திருந்தினால் போதும். நிற வேறுபாடு காணும் திறன், காது, இதயத் துடிப்புப் பதிவு, ரத்தச் சர்க்கரை ஆகியவற்றில்தான் எதிர்பாராத சிக்கல்கள் வரும். ஆறு மாதத்தில் சரியாகும் குறையா, நிரந்தரத் தடையா என்பது இப்போதே தெரிவது, வீட்டை அடமானம் வைத்த பிறகு தெரிவதைவிட எவ்வளவோ மேல்.

மூன்றாம் படி: கமர்ஷியல் லைசென்ஸ்

பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும், 18 வயது நிறைவு, 200 மணி நேரப் பறப்பு. அந்த 200-இல் 100 மணி நேரமாவது நீங்களே பொறுப்பேற்றுப் பறந்ததாக இருக்க வேண்டும். எழுத்துத் தேர்வுகளை விமானத் துறையை ஒழுங்குபடுத்தும் மத்திய அரசு அமைப்பான டிஜிசிஏ நடத்துகிறது: ஏர் நேவிகேஷன், வானிலையியல், விமான ஒழுங்குமுறைகள், டெக்னிக்கல் ஜெனரல், டெக்னிக்கல் ஸ்பெசிஃபிக். ஒவ்வொன்றிலும் 70 விழுக்காடு எடுத்தால்தான் தேர்ச்சி. இவற்றோடு ரேடியோ உரிமமான ஆர்டிஆரும் வேண்டும். இதை முன்பு தொலைத்தொடர்புத் துறை நடத்திவந்தது. 2025-இல் நடைமுறைக்கு வந்த புதிய விமானச் சட்டத்தின்படி அது டிஜிசிஏவின் கைக்கு வந்துவிட்டது. பழைய பயிற்சி மையங்களின் குறிப்புகளை அப்படியே நம்பாதீர்கள்.

பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தையும் விளம்பரப் படத்தையும் பார்க்க வேண்டாம். ஓடுபாதை ஓரம் போய் நின்று எத்தனை விமானங்கள் உண்மையில் பறக்கின்றன என்று எண்ணுங்கள். மாணவர் எண்ணிக்கையை அதால் வகுத்துப் பாருங்கள். 200 மணி நேரத்தை ஒன்றரை ஆண்டுக்குள் முடித்த மாணவர் யாராவது இருந்தால் அவரிடம் பேசுங்கள். மூன்று ஆண்டு ஆகியும் முடிக்காதவர்களிடமும் பேசுங்கள். டிஜிசிஏ 2025 முதல் பயிற்சிப் பள்ளிகளுக்குத் தரவரிசை வெளியிடுகிறது, அதையும் பாருங்கள். பயிற்சி இழுத்தால் விடுதிச் செலவும் கடன் வட்டியும் சேர்ந்தே இழுக்கும்.

கடனைப் பற்றி ஒரு கணக்கு. 60 லட்சம் ரூபாயை 10 விழுக்காடு வட்டிக்குப் பத்து ஆண்டுத் தவணையில் வாங்கினால் மாதத் தவணை ஏறக்குறைய 79,300 ரூபாய். லைசென்ஸ் கைக்கு வந்த நாளில் வேலை வராது. இந்தத் துறையில் லைசென்ஸுக்கும் முதல் வேலைக்கும் நடுவே மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பு உண்டு. அந்தக் காலத்துக்கான தவணையை யார் கட்டுவது என்பதை விமானத்தில் ஏறும்முன்பே வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள்.

நான்காம் படி: டைப் ரேட்டிங்கும் பாண்டும்

200 மணி நேர லைசென்ஸ் உங்களைச் சிறு பயிற்சி விமானத்தின் பைலட்டாகத்தான் ஆக்குகிறது. ஏடிஆரோ ஏர்பஸ்ஸோ ஓட்ட அந்தந்த விமானத்துக்கான டைப் ரேட்டிங் என்ற தகுதிச் சான்று தனியாக வேண்டும். இதில் என் கருத்து கறாரானது: கையில் வேலைக் கடிதம் இல்லாமல் சொந்தப் பணத்தில் டைப் ரேட்டிங் வாங்காதீர்கள். ஏடிஆருக்கு வாங்கி வைத்திருக்கும்போது ஏர்பஸ்ஸுக்கு ஆள் எடுப்பார்கள், ஏர்பஸ்ஸுக்கு வாங்கினால் ஏடிஆருக்கு எடுப்பார்கள். ரேட்டிங் வாங்கிவிட்டு விமானம் தொடாமல் இருந்தால் கை மறக்கும், திரும்பவும் சிமுலேட்டருக்குப் பணம் கட்ட வேண்டிவரும்.

நிறுவனமே பயிற்சி தருவதானால் அநேகமாக பாண்ட் கேட்கும், அதாவது இத்தனை காலம் விலக மாட்டேன், விலகினால் பணம் கட்டுவேன் என்ற ஒப்பந்தம். அதில் நான்கு விஷயங்களை விரல் வைத்துப் படியுங்கள். காலம் எந்த நாளிலிருந்து ஓடத் தொடங்குகிறது: சேர்ந்த நாளிலிருந்தா, தனியாகப் பறக்க விடுவித்த நாளிலிருந்தா? இடையில் விலகினால் முழுத் தொகையா, மீதிக் காலத்துக்கு விகிதப்படியா? நிறுவனமே உங்களை நீக்கினாலோ மெடிக்கல் போய்விட்டாலோ பாண்ட் ரத்தாகுமா? அசல் சான்றிதழ்களையோ வெற்றுக் காசோலையையோ கேட்கிறார்களா? கடைசி ஒன்றுக்கு ஆமாம் என்றால் ஒரு வழக்கறிஞரிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

பாண்டுக்கு வெளியே நோட்டீஸ் காலம் என்று இன்னொன்று இருக்கிறது. 2017-இல் டிஜிசிஏ விதித்ததன்படி கேப்டனுக்கு ஓராண்டு, கோ-பைலட்டுக்கு ஆறு மாதம். உலகில் வேறு எந்தத் தொழிலிலும் இவ்வளவு நீண்ட நோட்டீஸை நான் கேள்விப்பட்டதில்லை. அடுத்த நிறுவனம் இன்றே வா என்று அழைத்தாலும் நீங்கள் வந்துசேர ஆறு மாதமோ ஓராண்டோ ஆகும். சம்பளம் நின்றுபோன நிறுவனத்தில் இந்தக் காலம் எவ்வளவு கொடியதாக இருக்கும் என்பதை நினைத்துப் பார்த்தால், முதல் படியில் ஏன் அவ்வளவு அழுத்திச் சொன்னேன் என்பது புரியும்.

ஐந்தாம் படி: டர்போபிராப்பைக் கற்றுக்கொள்வது

ஏடிஆரைச் சின்ன விமானம் என்று தள்ளிப் பேசுகிறவர்கள் அதை ஓட்டாதவர்கள். 23 டன் எடை. எஞ்சினை மட்டுமல்ல, புரொப்பெல்லரையும் நீங்கள் மேய்க்க வேண்டும். நடுப்பலகையில் பவர் லீவர்கள் ஒரு ஜோடி, அருகிலேயே புரொப்பெல்லரையும் எரிபொருளையும் கட்டுப்படுத்தும் கண்டிஷன் லீவர்கள் ஒரு ஜோடி. 2023 ஜனவரி 15 அன்று நேபாளத்தின் பொக்காராவில் எட்டி ஏர்லைன்ஸின் ஏடிஆர் 72 இறங்கும்போது விழுந்து 72 பேர் இறந்தார்கள். இறக்கையின் பின்விளிம்புப் பலகையை இறக்கும் ஃபிளாப் லீவரை நகர்த்த வேண்டிய இடத்தில் இரண்டு கண்டிஷன் லீவர்களும் நகர்ந்து, புரொப்பெல்லர்கள் காற்றை இழுக்காத நிலைக்குப் போய், உந்துவிசை இல்லாமல் போனதுதான் பெரும்பாலும் காரணம் என்று விசாரணை சொன்னது. 2015-இல் தைபேயில் டிரான்ஸ்ஏசியா ஏடிஆரில் ஒரு எஞ்சின் உந்துவிசை இழந்தபோது, நன்றாக ஓடிக்கொண்டிருந்த மற்றதை அணைத்துவிட்டார்கள். இரண்டுமே அனுபவம் உள்ள கைகளில் நடந்தவை. அதனால்தான் எந்த லீவரையும் தொடும்முன் கண்ணால் பார், வாயால் சொல், மற்றவர் உறுதி செய்த பின் நகர்த்து என்று சிமுலேட்டரில் சலிக்கச் சலிக்கச் சொல்லித் தருகிறார்கள். ஆறாவது செக்டரில், கண் எரியும் நேரத்தில், அந்தப் பழக்கம்தான் காப்பாற்றும்.

உயரமும் ஒரு பாடம். ஜெட்டுகள் 35,000 அடிக்கு மேலே மேகத்தைத் தாண்டிப் போகும். ஏடிஆரின் உச்ச உயரமே 25,000 அடி, வழக்கமாகப் பறப்பது அதைவிடக் கீழே. வடகிழக்குப் பருவமழையில் சென்னை–தூத்துக்குடி என்றால் மேகத்தின் மேலே ஏற வழியில்லை, சுற்றித்தான் போக வேண்டும். ரேடாரைப் படிப்பது, உறைபனி சேரும் அடுக்கை விட்டு விலகுவது, வேகம் குறைகிறதா என்று ஓயாமல் பார்ப்பது எல்லாம் இரண்டு பருவமழையில் கைவந்துவிடும். பல சிறு நிலையங்களில் ஐஎல்எஸ் வழிகாட்டும் கருவி கிடையாது. லட்சத்தீவின் அகத்தி, சிம்லா போன்ற இடங்களில் ஓடுபாதையே சுமார் 1,200 மீட்டர்தான். ஆயிரம் மணி நேரம் இப்படிப் பறந்த கோ-பைலட்டின் கைப்பழக்கம் வேறு எங்கேயும் எளிதில் கிடைக்காது.

வெயில் பற்றியும் சொல்லியாக வேண்டும், எந்தக் கையேட்டிலும் இதை முதல் பக்கத்தில் போடுவதில்லை. ஏடிஆரில் தரையில் மின்சாரம் தர ஜெட்டுகளில் இருப்பது போன்ற துணை எஞ்சின் கிடையாது. வலதுபக்க எஞ்சினை ஓடவிட்டு, அதன் புரொப்பெல்லரை மட்டும் பிரேக் போட்டு நிறுத்தி வைப்போம். ஓட்டல் மோடு என்று பெயர். மே மாதம், சேலம், பகல் ஒரு மணி. பின்கதவு வழியாகப் பயணிகள் ஏறிக்கொண்டிருப்பார்கள். எஞ்சின் ஓடினாலும் ஏசி திணறும். காக்பிட் கண்ணாடி வழியாக நேர்வெயில் தொடையில் விழும். முதுகு சீட்டோடு ஒட்டியிருக்கும். அந்த நிலையில் எடைக் கணக்குத் தாளான லோடு ஷீட்டைச் சரிபார்த்து, வெப்பத்தால் குறையும் எஞ்சின் திறனைக் கணக்கிட்டு, டவரிடம் அனுமதி வாங்கி, இருபத்தைந்து நிமிடத்தில் மறுபடி கிளம்ப வேண்டும். தண்ணீர் குடிக்காமல் இருப்பது இந்த வேலையில் பலருக்கும் தொற்றும் கெட்ட பழக்கம். சிறுநீரகக் கல்லோடு ஒரு பைலட்டுக்கு மெடிக்கல் கிடைப்பது பெரும்பாடு. பாட்டிலைக் கையருகில் வையுங்கள்.

ஆறாம் படி: ரோஸ்டரைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

வேலை நிலைமை என்று பொதுவாகப் பேசுவதெல்லாம் கடைசியில் ரோஸ்டர் என்ற பணி அட்டவணைத் தாளுக்குள் இருக்கிறது. விதிகள் இவை: ஏழு நாளில் 35 மணி நேரத்துக்கு மேல் பறக்கக் கூடாது, ஓராண்டில் 1,000 மணி நேரத்துக்கு மேல் கூடாது. ரிப்போர்ட் செய்த நேரத்திலிருந்து கடைசி எஞ்சின் அணையும் வரையான பறப்புப் பணிக்காலம் இரண்டு பைலட்டுகளுக்கு அதிகபட்சம் 13 மணி நேரம். இறங்கும் எண்ணிக்கை கூடக்கூட அது சுருங்கும், ஆறு இறக்கம் என்றால் 11 மணி நேரம்தான். இரு பணிகளுக்கு நடுவே குறைந்தது 12 மணி நேர ஓய்வு, அல்லது முந்தைய பணி எவ்வளவு நீளமோ அவ்வளவு, எது அதிகமோ அது.

இதை ஒரு நாளில் பொருத்திப் பாருங்கள். ஆறு செக்டர், ஒவ்வொன்றும் ஒரு மணி பத்து நிமிடம். பறந்த நேரம் ஏழு மணி. கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே ரிப்போர்ட். நடுவில் ஐந்து தடவை அரை மணி நேர நிறுத்தம், அது இரண்டரை மணி. மொத்தம் பத்தரை மணி நேரம். வரம்பு பதினொன்று. அதாவது இந்த நாள் முழுவதற்கும் உங்களுக்கு இருக்கும் இடைவெளி அரை மணி நேரம். காலை எட்டு மணிக்கு ஏதோ ஒரு ஊரில் மூடுபனி நாற்பது நிமிடம் நீடித்தால் மாலை ஆறாவது செக்டரைச் சட்டப்படி முடிக்க முடியாது. அப்போது போன் அடிக்கும். கேப்டனின் விருப்புரிமையில் நேரத்தை நீட்டித் தர முடியுமா என்று கேட்பார்கள். அது கேப்டனின் உரிமை, கடமை அல்ல. அந்த முடிவை எடுக்கும்போது கோ-பைலட்டின் முகத்தையும் பார்க்கிற கேப்டனிடம் வேலை கற்றவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

சென்னை–டெல்லி போய்த் திரும்பும் ஜெட் பைலட்டின் நாளோடு இதை ஒப்பிட்டால் பறந்த மணிகளில் பெரிய வேறுபாடு தெரியாது. ஆனால் அவர் ஏற்றி இறக்குவது இரண்டு தடவை, நீங்கள் ஆறு. மூளை முழுவிழிப்பில் இருந்தாக வேண்டிய நிமிடங்கள் மூன்று மடங்கு. காகிதத்தில் மணி நேரத்தை மட்டும் பார்க்கிறவர்களுக்கு இது தெரியாது.

விதிகள் மாறிக்கொண்டிருப்பதையும் கவனியுங்கள். 2024 ஜனவரியில் டிஜிசிஏ திருத்திய விதிகள் வார ஓய்வை 36-லிருந்து 48 மணி நேரமாக்கின. இரவு என்பது நள்ளிரவு முதல் காலை ஆறு மணி வரை என்று நீண்டது. அந்த நேரத்துக்குள் நீளும் பணியில் இறக்கங்கள் ஆறிலிருந்து இரண்டாகக் குறைந்தன. விமான நிறுவனங்கள் தள்ளிப்போடக் கேட்டன, பைலட் சங்கங்கள் டெல்லி உயர் நீதிமன்றம் போயின. கடைசியில் 2025 ஜூலையிலும் நவம்பரிலும் இரு கட்டமாக அமலாயின. அடுத்த மாதமே இண்டிகோவில் போதிய பைலட்டுகளைத் திட்டமிடாததால் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாகி, அந்த நிறுவனத்துக்கு இரவு விதிகளில் தற்காலிக விலக்கு தரப்பட்டது. ஓய்வு என்பது சலுகை அல்ல, விமானத்தின் எரிபொருள் போல அதுவும் முன்கூட்டியே கணக்கிட்டு ஏற்ற வேண்டியது. இதை நாட்டுக்கே உணர்த்திய மாதம் அது. நீங்கள் சேரும் நாளில் நடப்பில் இருக்கும் விதியை டிஜிசிஏ தளத்திலிருந்து இறக்கி நீங்களே படியுங்கள். திட்டமிடல் பிரிவு சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம்.

ரோஸ்டரில் வேறு என்ன பார்ப்பது? அதிகாலைப் பணிகள் அடுத்தடுத்து எத்தனை வருகின்றன? காலை ஐந்து மணி ரிப்போர்ட் என்றால் எழுவது மூன்றரைக்கு. அப்படி நான்கு நாள் தொடர்ந்தால் எட்டு மணி நேரம் படுத்தும் உடம்பு தேறாது. அழைத்தால் வரத் தயாராகக் காத்திருக்கும் ஸ்டாண்ட்பை எத்தனை நாள்? வெளியூரில் இரவு தங்கும் லேஓவர் ஓட்டல் விமான நிலையத்திலிருந்து எவ்வளவு தூரம்? இரவு பத்தரைக்குப் போனால் சாப்பாடு கிடைக்குமா? இந்தக் கேள்விகளுக்கு நேர்முகத்தில் பதில் வராது. அங்கே பறக்கும் ஒரு கோ-பைலட்டின் கடந்த மாத ரோஸ்டரைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

ஏழாம் படி: களைப்பாக இருக்கிறது என்று சொல்லத் தெரிய வேண்டும்

2009 பிப்ரவரி 12 இரவு, அமெரிக்காவின் பஃபலோ அருகே கோல்கன் ஏர் 3407 விழுந்தது. பிராந்திய நிறுவனத்தின் டர்போபிராப், பாம்பார்டியர் கியூ400. விமானத்தில் இருந்த 49 பேரும் தரையில் ஒருவரும் இறந்தார்கள். வேகம் குறைந்து எச்சரிக்கை வந்தபோது கேப்டன் தவறான பக்கம் கட்டுப்பாட்டை இழுத்தார். விசாரணை பின்னோக்கிப் போனபோது வெளிவந்தவைதான் பிராந்திய வேலையின் கதை: கோ-பைலட் முந்தைய இரவு சியாட்டிலில் இருந்து நாட்டின் மறுகோடிக்கு இரவெல்லாம் பயணம் செய்து வேலைக்கு வந்திருந்தார். கேப்டனும் சரியாகத் தூங்கவில்லை. பணி செய்யும் ஊரில் வீடு எடுக்கப் போதாத சம்பளம் பேசுபொருளானது. அந்த விபத்துக்குப் பிறகே அமெரிக்காவில் 1,500 மணி நேர நிபந்தனையும் புதிய ஓய்வு விதிகளும் வந்தன.

நம் ஊரில் இதற்கு ஒப்பானது என்ன? தளம் ஹைதராபாத், வீடு மதுரை என்று வைத்துக்கொண்டு, விடுப்பு நாளில் ஊருக்கு ஓடி, பணிக்கு முந்தைய இரவு பஸ்ஸில் திரும்புவது. அதைச் செய்யாதீர்கள். இளம் கோ-பைலட்டுகள் மூன்று நான்கு பேராகச் சேர்ந்து விமான நிலையத்துக்குப் பக்கத்தில் வீடு எடுங்கள். ஒவ்வொருவருக்கும் தனி அறை, கறுப்புத் திரை போட்ட ஜன்னல். வாடகை சற்றுக் கூடினாலும் பரவாயில்லை.

களைப்பு அறிக்கை கொடுக்கும் முறை ஒவ்வொரு நிறுவனத்திலும் இருந்தாக வேண்டும். அந்த அறிக்கைகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை டிஜிசிஏவுக்கு அனுப்பவும் வேண்டும். எழுத்தில் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். உணர்ச்சி வேண்டாம்: எத்தனை மணிக்குத் தூங்கினேன், எத்தனை மணிக்கு எழுந்தேன், எத்தனை செக்டர் முடித்தேன், எந்தக் கட்டத்தில் கவனம் தப்பியது. முதல் தடவை அறிக்கை கொடுத்த கோ-பைலட்டை மறுநாள் அலுவலகத்துக்கு அழைத்து விளக்கம் கேட்ட இடத்தை நான் அறிவேன். அப்படிப்பட்ட இடத்திலும் எழுத்தில் இருப்பதே உங்களைக் காக்கும்.

கூடவே ஒன்று: பறப்பதற்கு முந்தைய மூச்சுச் சோதனை. இந்தியாவில் வரம்பு பூஜ்யம். முதல் தடவை சிக்கினால் மூன்று மாதம், இரண்டாம் தடவை மூன்று ஆண்டு, மூன்றாவதில் லைசென்ஸே ரத்து. ஆல்கஹால் கலந்த இருமல் மருந்தும் மவுத்வாஷும் கூடக் காட்டிக்கொடுக்கும். மருந்துக்கடையில் வாங்குவதற்கு முன் நிறுவன மருத்துவரைக் கேளுங்கள்.

எட்டாம் படி: சம்பளச் சீட்டு

நிரந்தரத் தொகை, பறந்த மணி நேரத்துக்கான தொகை, லேஓவர் படி என மூன்று அடுக்கு. குறிப்பிட்ட மணி நேரம் வரை உத்தரவாதமா என்பதே முக்கியம். விமானம் பராமரிப்பில் நின்றாலோ மழையில் தடம் ரத்தானாலோ உத்தரவாதம் இல்லாதவரின் சம்பளம் சரியும். செக்டர்கள் சிறியவை என்பதால் நாள் முழுக்க உழைத்தாலும் மணிகள் மெதுவாகவே சேரும் என்பதை மறக்க வேண்டாம். லைசென்ஸ் இழப்புக் காப்பீடு நிறுவனம் தருகிறதா, எவ்வளவு என்று பாருங்கள். தராவிட்டால் முதல் மாதத்திலிருந்தே சொந்தமாக எடுங்கள், ஏனென்றால் ஒரு இசிஜி கோணல் இந்தத் தொழிலை நிறுத்திவிட முடியும்.

பெண் பைலட்டுகள் இந்தியாவில் ஏறக்குறைய 15 விழுக்காடு, உலக சராசரியைவிட மிக அதிகம். சேரும்போதே கேளுங்கள்: கர்ப்பத்தின்போது பறக்க முடியாத மாதங்களில் தரைப்பணி உண்டா, சம்பளம் எப்படி? சட்டப்படியான 26 வார மகப்பேறு விடுப்பு அதற்கு மேலே தனி.

ஒன்பதாம் படி: கமாண்ட், அதாவது கேப்டன் பொறுப்பு

டிரெய்னியாகச் சேர்ந்து, மேற்பார்வையில் பறந்து, கோ-பைலட்டாக விடுவிக்கப்பட்ட நாளிலிருந்தே கேப்டனின் இடப்பக்க இருக்கைக்கான வேலை தொடங்கிவிடுகிறது. கேப்டன் ஆக, கமர்ஷியல் லைசென்ஸுக்கு மேற்படியான ஏடிபிஎல் லைசென்ஸ் வேண்டும்: 21 வயது, 1,500 மணி நேரம், அதற்குள் நீங்களே கமாண்டராகவோ மேற்பார்வையில் கமாண்டராகவோ பறந்த மணிகள், இரவு மணிகள் எனத் தனிக் கணக்குகள். கோ-பைலட் மணிகள் எந்த விகிதத்தில் சேரும் என்பதை விதியில் படித்து, பறந்த மணிகளைப் பதியும் உங்கள் லாக்புக்கில் அந்தப் பத்திகளை முதல் நாளிலிருந்தே பிரித்து எழுதுங்கள். பின்னால் கூட்டிச் சரிசெய்யலாம் என்று விட்டவர்கள் மாதக்கணக்கில் அலைகிறார்கள். டிஜிசிஏவின் இணைய லாக்புக்கில் ஒவ்வொரு பதிவும் நிறுவனத்தால் சரிபார்க்கப்பட்டிருக்கிறதா என்று மாதக் கடைசியில் பாருங்கள்.

ஏடிபிஎல் எழுத்துத் தேர்வுகளை முதல் ஆண்டிலேயே எழுதத் தொடங்குங்கள். படித்தது மனதில் இருக்கும், குடும்பப் பொறுப்புகளும் குறைவு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் சிமுலேட்டர் சோதனையைத் தப்பிப்பதற்கான தேர்வாக நினைக்காமல், பயிற்றுநரின் குறிப்பை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கமாண்ட் குழு உட்காரும்போது அந்தக் குறிப்புகளின் வரிசையைத்தான் புரட்டுவார்கள். எஞ்சின் செயலிழப்பைச் சரியாகக் கையாண்டாரா என்பது பாதி. கேபின் குழு, தரைக் குழு, பொறியாளர், கோபக்காரப் பயணி இவர்களை வைத்துக்கொண்டு தாமதமான நாளை எப்படி ஓட்டினார் என்பது மறுபாதி. பிராந்திய விமானத்தில் இது சீக்கிரம் கைவரும், ஏனென்றால் சிறு நிலையத்தில் எல்லாவற்றுக்கும் ஆள் இருக்க மாட்டார்கள்.

பத்தாம் படி: போவதா, இருப்பதா

ஏடிஆர் கேப்டன் ஆனதும் பெரும்பாலோர் மனதில் எழும் கேள்வி ஏர்பஸ்ஸுக்கு மாறலாமா என்பது. மாறினால் சம்பள உச்சம் அதிகம், வெளிநாட்டு வாய்ப்பும் கூடும். ஆனால் சீனியாரிட்டி நிறுவனத்தோடு கட்டுப்பட்டது. வேறு நிறுவனத்துக்குப் போனால் அது பூஜ்யத்திலிருந்து தொடங்கும், கேப்டனின் நான்கு கோடு போட்ட தோளில் மூன்று கோட்டோடு கோ-பைலட்டாக வலப்பக்கம் உட்கார வேண்டியிருக்கலாம். புது டைப் ரேட்டிங், புது பாண்ட், மறுபடி கமாண்டுக்குக் காத்திருப்பு. ஏடிஆரும் ஜெட்டும் ஒரே நிறுவனத்தில் இருந்தால் சீனியாரிட்டி போகாமல் மாற வழி இருக்கிறதா என்று பாருங்கள்.

என் கணக்கு இது: கோ-பைலட்டாக இருக்கும்போது ஏடிபிஎல் கைக்கு வரும் முன் ஓடாதீர்கள். 500 மணி நேரத்தில் வலப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறுவதால் கிடைப்பது பெரிய விமானத்தின் படம் மட்டும். கேப்டனாகச் சில நூறு மணி நேரம் முடித்த பின் மாறினால், அந்தக் கமாண்ட் மணிகள் அடுத்த நிறுவனத்தில் உங்கள் அப்கிரேடுக்கு உதவும். வயது நாற்பதைத் தாண்டி, பிள்ளைகள் பள்ளியில், தினமும் சொந்தக் கட்டிலில் தூங்கும் ரோஸ்டர் கிடைத்திருக்கிறது என்றால் இருந்துவிடுவதும் நல்ல முடிவுதான். லைன் பயிற்றுநர், சிமுலேட்டர் பயிற்றுநர், தேர்வாளர் என்று ஏடிஆரிலேயே படிகள் இருக்கின்றன. 65 வயது வரை பறக்கலாம். நல்ல ஏடிஆர் பயிற்றுநர்களுக்கு இந்தியாவில் எப்போதும் தட்டுப்பாடு.

விலகுவதென்று முடிவானால் ராஜினாமாக் கடிதம் கொடுக்கும் நாளுக்கு முன்பே லாக்புக் முழுவதையும் நிறுவனத்தின் கையெழுத்தோடு சான்றளித்து வாங்கிவிடுங்கள். பயிற்சிக் கோப்பின் நகல், சிமுலேட்டர் சோதனை முடிவுகள், மருத்துவச் சான்று, பாண்ட் முடிந்ததற்கான கடிதம் ஆகியவற்றையும் அப்படியே. நோட்டீஸ் காலத்தில் ரோஸ்டர் மெலியும், மணிகள் குறையும், சம்பளமும் குறையலாம். அந்த மாதங்களுக்கான வீட்டுச் செலவையும் தவணையையும் தனியாக எடுத்து வைத்த பிறகு கடிதத்தைக் கொடுங்கள்.